இரவல் காற்று

ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிச் செலவை ஏற்கும் அறக்கட்டளையிலிருந்து வீட்டைப் பார்க்க வந்த இருவரை, கனகமணி தெருமுனையில் காத்திருந்து கூட்டிவந்தாள். வாசலில் கால் வைத்ததும் வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் திகைத்தாள். உள்ளே அடுத்த வீட்டு மெத்தை நாற்காலிகளும் மாடிவீட்டு மேசை விசிறியும் இருந்தன. அம்மாவின் கழுத்தில் யாருடைய சங்கிலியோ மின்னியது.

"வர்றவங்களத் தரையிலயா உக்கார வைக்கிறது?" என்று அம்மா அவள் காதில் கிசுகிசுத்தாள்.

வந்தவர்களில் மூத்தவர் விசிறியையும் சங்கிலியையும் மாறிமாறிப் பார்த்தார். "இதெல்லாம் உங்களுதாம்மா?"

அம்மாவிடம் இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. "ஆமா சார், எல்லாம் நம்மளுதுதான்."

கனகமணி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பாத்திரம் தேய்க்கும் வீடுகளில் குனிந்தே பழகிய அம்மாவின் தலை அன்று நிமிர்ந்திருந்தது. கனகமணி சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஜூஸ் டம்ளர்களை எடுத்து நீட்டினாள். மூத்தவர் எதுவும் எழுதாமல் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். கொடுத்த ஜூஸை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

நாற்காலிகளும் சங்கிலியும் உரியவர்களிடம் திரும்பிப் போயின. விசிறியை மட்டும் அம்மா சாயங்காலம் வரை கேட்டு வாங்கியிருந்தாள். அதை மகள் பக்கம் திருப்பிவைத்தாள்.

"நல்லா உக்காந்து காத்து வாங்கு புள்ள. இனிமே நீ காலேஜுக்குப் போற பொண்ணு."