பழகிய கை

கிறீச்சென்று பிரேக் போட்டு, ஹவாயின் வைகிகி கடற்கரையில் எங்கள் ஹோட்டல் வாசலிலேயே ஒரு டாக்சி வந்து நிற்கிறது. பானையையும் தட்டையும் தட்டிக்கொண்டு வட்டமாய் நடந்த நாங்கள் நின்றுவிடுகிறோம். எதிர்க்கடையில் ஆர்க்கிட் மாலை விற்பவள், வாங்க ஆளில்லாமல் வாடும் மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்தபடி எங்களை முறைக்கிறாள். அதற்குள் கபோனோ, வேலைநிறுத்த அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் டாக்சிக் கதவைத் திறக்கிறான். "அலோஹா! வாங்கம்மா!" வருஷக்கணக்காய் அந்த வாசலில் கதவு திறந்த கை. இறங்கிய வெள்ளைக்காரக் கிழவி பெட்டியை நீட்டுகிறாள். அதையும் வாங்கிக்கொள்கிறான்.

"டேய், நாம ஸ்ட்ரைக்ல இருக்கோம்டா!" என்று சலவைப் பிரிவுக்காரன் கத்த, எல்லோரும் சிரிக்கிறோம். கபோனோவும் சிரிக்கிறான். ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து, ஏசிக் குளிர் அவன் முகத்தில் அடிக்கிறது. உள்ளே மேனேஜர் தலையசைத்துக் கூப்பிடுகிறார். போனால் வேலை உண்டு, நிறுத்திய மருத்துவக் காப்பீடும் உண்டு. அவன் மகளுக்கு இன்சுலின் கடைசிக் குப்பியில் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அடங்குகிறது. எங்கள் சங்கத் தலைவி லிகாயா, அறை துடைத்துக் காய்த்த கையால் அவன் சட்டையைப் பிடிக்கிறாள். கோஷம் போட்டுக் கம்மிய அவள் குரல் அவனுக்கும் பக்கத்தில் நிற்கும் எனக்கும் மட்டும் கேட்கிறது.

"உள்ள போயிடாத தம்பி. நீ போனா, அடுத்து நானும் வந்துடுவேன்."