அழுகுணி ஆட்டம்

துபாய் போன அண்ணன் ஆசிக்கிடமிருந்து போன் வந்து மாதங்களாகிவிட்டன. ஃபைஸாவும் அவனும் ஆடிவந்த செஸ்ஸில், எல்லாக் காய்களையும் முதலில் இழப்பவருக்கே வெற்றி. அந்த ஆட்டத்துக்காக யாரோ எழுதி, எல்லோருக்கும் பொதுவில் விட்டு, பிறகு கைவிட்ட புரோகிராம் ஒன்று இணையத்தில் கிடந்தது. பெரம்பலூர் பிரவுசிங் சென்டரிலிருந்து அதை சிடியில் கொண்டுவந்து, பிழை திருத்தி, வீட்டுக் கணினியில் ஓடவிட்டாள்.

கணினி குதிரையை நகர்த்தியது. உடனே அதைப் பழைய கட்டத்துக்கே இழுத்துக்கொண்டு, யானையை நகர்த்தியது.

ஆசிக் அப்படித்தான் ஆடுவான். வைத்த காயைத் திரும்ப எடுக்கும் வசதி புரோகிராமில் எங்குமே இல்லை.

"இதையும் சரிபண்ணிடுறேம்மா."

"வுடு புள்ள. சின்னதுலேருந்தே அவன் அழுகுணி ஆட்டந்தான்."

அம்மா சிரித்துக்கொண்டே எழுந்துபோய், கூடத்துப் போனை ஒயர் எட்டும்வரை இழுத்துவந்து, கணினி பக்கத்தில் வைத்தார்.