தடித்த ஒயர்

"எழுநூத்தம்பது வாட் எதுக்கும்மா? வீட்டுக்குள்ள ரயில் ஓட்டவா?"

பவர் சப்ளைப் பெட்டியைக் கடை மேஜைமேல் டொம்மென்று வைத்தார் கென்சோ. பின்னால் அவர் மருமகன் ஸ்விலென், கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றான்.

கடைக்காரி வெனெத்தா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன ஆச்சு, கென்சோ அண்ணே?"

"என் பொண்ணு ராலித்சா கல்யாண வீடியோ எடிட் பண்றவ. புதுசா கிராபிக்ஸ் கார்டு வாங்கினா. பழைய பவர் சப்ளை அதைத் தாங்காதுன்னு எங்க வீட்டு இன்ஜினியர் உங்கிட்ட வந்து இதை வாங்கிட்டுப் போனார். மாட்டின மறுநாளே ரெண்டு ஹார்டு டிஸ்க்கும் புகைஞ்சுபோச்சு. யாரோட கல்யாணமெல்லாமோ அதோட போச்சு."

ஸ்விலென் இன்ஜினியர் இல்லை. ரொட்டித் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன். கென்சோ அப்படித்தான் குத்துவார்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காலமெல்லாம் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர், ஊரில் பாதி வீட்டுக்கு நீல டேப் சுற்றி ஒயர் இழுத்தவர். அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் கருகிவிட்டது என்று குடியிருப்பு மாடிப்படியெல்லாம் பேச்சு. காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பதற்குப் பேர்போன கப்ரோவோவில் வீட்டோடு மாப்பிள்ளை என்றாலே ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதிலும் கடற்கரைப் பட்டணமான வர்னாவிலிருந்து இப்படி ஒன்றுக்கும் உதவாத ஒருத்தனா வந்து வாய்க்க வேண்டும்? 'வேற வீடு பார்த்துக்கிட்டுப் போகட்டும். ராத்திரி சாப்பிடறப்ப நானே அவன்கிட்ட சொல்லிடறேன்' என்று காலையில் மகளிடம் சத்தமாகவே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். அடுத்த அறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"இதைத் திருப்பி எடுத்துக்க. நானூத்தம்பதுல, கையில தூக்கினா கனமா, ஒண்ணு கொடு. பெருசுன்னா கரண்டு பில்லைத் தின்னும். குப்பைக்குப் போற ஒயரைக்கூடச் சுருட்டி நிலவறை ஆணியில மாட்டற வீடு எங்களது. எங்களுக்குன்னு வந்து சேர்ந்தான் பாரு, ஒரு செலவாளி."

"தின்னாது அண்ணே. கார்டு கேக்கிறதைத்தான் கொடுக்கும். நானூத்தம்பது போட்டீங்கன்னா உங்க பொண்ணு வேலை பாதியில இருக்கறப்ப மூச்சு முட்டி நின்னுடும். உங்க மாப்பிள்ளை சரியாத்தான் வாங்கியிருக்கார்."

அவள் பெட்டியைச் சோதனைக் கருவியில் மாட்டினாள். விசிறி சுற்றியது. விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன.

"கிண்ணுனு இருக்கு. இது மேல தப்பே இல்ல."

"கேட்டியா மாப்பிள்ளை? பெட்டி நல்லாத்தான் இருக்காம். அப்ப உன் கைதான் விளங்காத கை."

ஸ்விலென் தரையையே பார்த்தான். வரிசையில் நின்ற இரண்டு பேர் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இவனோடு சேர்ந்து நிற்பதே கென்சோவுக்கு அவமானமாக இருந்தது. அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.

வெனெத்தா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிக் கையை விட்டாள். தடித்த ஒயர் ஒன்றை வெளியே இழுத்தாள். நடுவில் நீல டேப் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"இதான் வினை. டிஸ்க்குக்குக் கரண்டு கொண்டுபோற இது, இந்தப் பெட்டியோட வந்த ஒயரே இல்ல, உங்க பழைய பெட்டியோடது. புதுசு, பழசு ரெண்டோட முனையும் ஒண்ணு போலத்தான் இருக்கும், அழகா உள்ள போய் உட்காரும். ஆனா உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போயிருக்கு. டிஸ்க் தாங்குமா?"

கென்சோவுக்குக் காது மடல் சுட்டது.

"புதுசைக் கழட்டிட்டுப் பழசை மாட்டின புண்ணியவான் யாரு?" என்றாள் வெனெத்தா.

கென்சோ வாயைத் திறந்தார்.

"நான்தான்," என்றான் ஸ்விலென். "புது ஒயர் சப்பையா, மெலிசா இருந்துச்சு. பழசு நல்ல தடிமனா இருந்துச்சா, வீணாக்குவானேன்னு…"

கடையே சிரித்தது. "மாப்பிள்ளை அசல் கப்ரோவோக்காரரா மாறிட்டார் அண்ணே!" என்றார் வரிசையில் நின்றவர்.

கென்சோ மட்டும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் நிற்கவே அவருக்குக் கூசியது. தொப்பியை இழுத்து நெற்றிவரை மறைத்துக்கொண்டார்.

"புது ஒயர் இருக்கா, இல்ல வேற தரட்டுமா?"

"வேணாம்மா. வீட்டுல பத்திரமா இருக்கு," என்றான் ஸ்விலென்.

வரும்போது வழியெல்லாம் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வந்த மனுஷன், திரும்பும்போது பாலம்வரை பின்தங்கியே வந்தார். ஸ்விலென் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தான். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. பாதிப் பாலத்தில் கென்சோ நின்றார்.

"மாப்பிள்ளை… அந்தப் புது ஒயரு எங்கே இருக்குன்னு உனக்கு…"

"நிலவறையில உங்க ஆணியிலதான் மாமா தொங்குது. நான் ஷிப்டுக்குப் போயிருந்தப்ப நீங்க கழட்டிச் சுருட்டி மாட்டின மாதிரியே இருக்கு." ஸ்விலென் அப்போதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ராலித்சாகிட்ட ஒயரை மாத்தினது நான்தான்னு முந்தாநாளே சொல்லிட்டேன். அதனால ராத்திரி என்கிட்ட சொல்லணும்னு இருந்தீங்களே, அதை நீங்க தாராளமா அவ முன்னாடியே சொல்லலாம்."