ஓரம் ஒதுக்கிய இரண்டு குப்பிகள்

ஆய்வுக்கூட மேசையில் ஆறு குப்பிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் எலியின் கல்லீரல் மிதக்கிறது. ஜன்னல் வெயில் அவற்றில் பட்டு உடைகிறது. மேசையருகே உட்கார்ந்திருக்கும் பெரியவரின் பரம்பரை மூலிகைச் சாறு, நஞ்சு கொடுத்த எலிகளின் ஈரலைக் காக்கிறதா என்று பார்க்கும் சோதனை இது. எல்லாக் குப்பியின் சீட்டிலும் அவருடைய குடும்பப் பெயர் இருக்கிறது. நான்கு ஈரல்கள் செக்கச் சிவந்து வழவழவென்று இருக்கின்றன. இரண்டு மட்டும் மஞ்சள் பூத்து, புள்ளி விழுந்து கிடக்கின்றன. சோதனை செய்யும் அவருடைய மருமகன் கையுறையைக் கழற்றாமலே அந்த இரண்டையும் நகர்த்திக் குழாயடி ஓரம் வைக்கிறார். "இது ரெண்டும் முன்னாடியே சீக்குன்னு எழுதிடலாம் மாமா. நாலு தலைமுறை மருந்து, நம்ம பேர் கெடக்கூடாது பாருங்க." பெரியவருக்குக் காது மடல் சுடுகிறது. பேரைக் காப்பாற்றுகிறாராம், பொய்யை வைத்து. "நஞ்சு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆறையும் எடை போட்டு, கொழுகொழுன்னு இருக்குன்னு காட்டினது நீங்கதானே மாப்பிள்ளை?" மருமகன் தரையைப் பார்க்கிறார். அடுத்த அறையில் மிச்ச எலிகள் கூண்டுக் கம்பியைப் பிறாண்டுகின்றன. "என் பொண்ணைக் கேட்டு வந்த அன்னைக்கும் இப்படித்தான் ரெண்டு சங்கதியை ஓரமா வச்சுட்டு வந்தீங்களா?"  குழாய் சொட்டுகிறது. பெரியவர் எழுந்துபோய், மஞ்சள் ஈரல் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து வரிசையின் முன்னால் வைக்கிறார். பிறகு, சீட்டிலிருக்கும் தன் குடும்பப் பெயர் வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி இரண்டையும் திருப்புகிறார்.