ஒரு குமிழிகூட இல்லாமல்

பாஸ்போர்ட் அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையா என்பதில் மகளுக்கு இன்றும் சந்தேகம்தான். அன்று நடந்ததில் பாதியை அவள் சரியாக நினைவில் வைத்திருக்கிறாளா என்பதே சந்தேகம்.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தை அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தது மட்டும் அழியவில்லை.

"யாரும்மா இந்த வேலையைப் பார்த்தது?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் அதை ஸ்கேனரில் வைத்து அழுத்தினார். இயந்திரம் படிக்கவில்லை. துடைத்து மறுபடி வைத்தார். அதற்கும் படிக்கவில்லை.

படப் பக்கம் முழுக்க லேமினேஷன் போட்டிருந்தது. கண்ணாடி மாதிரி பளபளத்தது.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு வைக்கப் பிரதி வேண்டும் என்று போன வாரம் அவள்தான் அதை அப்பாவிடம் கொடுத்தாள். அப்பாவுக்கு ஜெராக்ஸ் கடை. பிரதிகளோடு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, "தண்ணி கிண்ணி பட்டா வீணாப் போயிடுமேன்னு போட்டேம்மா" என்றார். ஒரு புத்தகத்தைப் பிரிக்காமல், அதில் ஒரே ஒரு தாளை மட்டும் சூடான உருளைக்குள் விட்டு எடுப்பது லேசான காரியமில்லை. ஒரு குமிழிகூட இல்லாமல் செய்திருந்தார். அவள் நன்றி சொன்னாள்.

இப்போது அப்பா பக்கத்து நாற்காலியில், கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நானும் வருகிறேன் என்று கடையை அடைத்துவிட்டு வந்தவர்.

"நான்தான் சார் போட்டேன்" என்றாள் மகள்.

"படிச்ச பொண்ணுதானே நீங்க? இது சேதம் பண்ணின கணக்கும்மா. சும்மா புதுப்பிச்சுத் தர முடியாது. விசாரணை வைப்பாங்க. ஃபைல் மேல போய் வரணும்."

"மாசக் கடைசிக்குள்ள அங்க வேலைல சேரணும் சார். விசா வேற எடுக்கணும்."

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவரால் ஒன்றும் பண்ண முடியாது என்பது அந்தக் குரலில் தெரிந்தது. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருக்கலாம். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

அந்த வேலைக்கான தேர்வை அவள் மூன்றாவது முறையாக எழுதித் தேறியிருந்தாள். வயது வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடம். அவள் வேலை செய்யும் மேஜையின் படத்தைக்கூட அனுப்பியிருந்தார்கள். ஜன்னலோரம்.

பேருந்தில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அப்பா ஒரு முறை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். திட்டு வாங்கக்கூடத் தெம்பில்லாதவர்போல இருந்தார். அவளுக்குத் தன் வேலையை நினைத்து வந்த அழுகையைவிட அவரைப் பார்த்துத்தான் அதிகம் வந்தது. பாவம், நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டது. ஏற்கெனவே அண்ணன் வெளிநாடு போனவன் போனவன்தான். ஒரு தடவை வந்தான், அதுவும் ஓட்டலில் தங்கிவிட்டுப் போனான். இப்போது இது வேறு.

கடை வாசலில் ஆள் காத்திருந்தது. அப்பா ஷட்டரைத் தூக்கினார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லத் துணிவில்லாமல் அவள் உள்ளே, தாள் கட்டுகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

ஒருவர் வந்தார், போனார். இன்னொருவர் வந்தார், போனார். அப்பா குனிந்து இயந்திரத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து புத்தம்புதுப் பாஸ்போர்ட் ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, இந்தப் போட்டோ பக்கத்தை மட்டும் லேமினேஷன் போட்டுக் குடுங்க. இவன் கையில எது கிடைச்சாலும் கடிச்சு வெச்சுடறான்."

அப்பா நிமிரக்கூட இல்லை.

"பாஸ்போர்ட்டுக்கெல்லாம் போடக் கூடாதும்மா, செல்லாமப் போயிடும். கவர் ஒண்ணு தரேன், அதுல போட்டு வெச்சுக்க."

எத்தனையோ வருடங்களாக, எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். யோசிக்காமல் வந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கை நின்றது.

அந்தப் பெண் கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா திரும்பவில்லை. அவருடைய பிடரி முழுக்க வியர்த்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேட்க அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

புதுப் பாஸ்போர்ட் அடுத்த வருடம் வந்தது. அதற்குள் அந்த ஜன்னலோர மேஜைக்கு வேறொருத்தி போய்விட்டாள். வயது வரம்பும் தாண்டிவிட்டது. மகள் பழைய பரிசோதனைக் கூடத்துக்கே போய்வருகிறாள். அண்ணன் மறுபடி வரவில்லை. அப்பா காலையில் கடையைத் திறக்கிறார், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அம்மாவுக்குத்தான் இன்னும் ஆறவில்லை. சாப்பாடு போடும்போதெல்லாம், "பொண்ணு வாழ்க்கையை மிஷின்ல விட்டு எடுத்த கூறுகெட்ட மனுஷன்" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

ஒவ்வொரு முறையும் மகள்தான் முந்திக்கொண்டு சொல்கிறாள்:

"விடும்மா. தெரியாமத்தானே செஞ்சார்."