வேலை போன நானூறு பேர்

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானூறு பேருக்கு வேலை போயிடுச்சு சார்" என்றார் ஆய்வு மைய இயக்குநர். சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

எதிரே நிதித்துறைச் செயலாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மையத்துக்கு இனிமேலும் நிதி உண்டா, இல்லையா என்று இன்று அவர்தான் முடிவு செய்யவேண்டும்.

"திங்கட்கிழமை காலையில பார்த்தா, அத்தனை பேரும் வேற கம்பெனியில வேலையில இருக்காங்க. சம்பளத்துல சல்லிக்காசு குறையலை."

"இதெல்லாம் எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"தொழிலாளர் பதிவையும் முதலாளிங்க பதிவையும் ஒண்ணா இணைச்சிருக்கோம் சார். ஆளுக்கு ஒரு நம்பர், கம்பெனிக்கு ஒரு நம்பர். யார் எங்கிருந்து எங்க போனாலும் எங்க கண்ணுல படாம தப்ப முடியாது. ஒரு கம்பெனி நம்பர் காணாமப் போனா, அதை மூடிட்டாங்கன்னு கணக்கு."

பக்கத்தில் இருந்த மையத்தின் உதவி ஆய்வாளர் தொண்டையைக் கனைத்தாள். "எல்லாரும் ஒரே கம்பெனிக்குத்தான் போயிருக்காங்க சார். மேனேஜர் உட்பட. நான் விசாரிச்ச வரைக்கும்..."

"ஒத்துமைம்மா, ஒத்துமை" என்ற இயக்குநர், தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப, வேலை போறதால யாருக்கும் கஷ்டமே இல்லைங்கிறீங்க?"

"நான் எங்க சார் சொல்றேன்? புள்ளிவிவரம் சொல்லுது. வேலை இல்லாதவங்களுக்கு அரசாங்கம் கொடுக்கற உதவித்தொகையே தண்டம்."

"நல்லவேளை சொன்னீங்க. ரெண்டு நாளா எனக்கு மனசே சரியில்லை." செயலாளர் சரசரவென்று கையெழுத்துப் போட்டு, ஃபைலை இயக்குநர் பக்கம் தள்ளினார்.

இயக்குநர் படித்தார். முகத்தின் களை படிப்படியாக இறங்கியது.

"மையத்தையே மூடறீங்களா சார்? நாங்கள்லாம் எங்க போவோம்? வீட்டுக்கடன் இருக்கு, பொண்ணு காலேஜ்ல படிக்கறா..."

"கவலையே படாதீங்க. வெள்ளிக்கிழமை மூடறோம். திங்கட்கிழமை எல்லாரும் இதே சம்பளத்துல வேற இடத்துல இருப்பீங்க. உங்க ஆராய்ச்சி மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா எப்படி?"

இயக்குநர் உதவி ஆய்வாளரைப் பார்த்தார். அவள் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் அவரே வாயைத் திறந்தார்.

"சார், அந்தக் கம்பெனியை யாரும் மூடலை. பேரை மாத்திப் புது நம்பர் வாங்கினாங்க, அவ்வளவுதான்."