மான் தண்ணீர் குடிக்கும் அட்டைப்படம்

அரியலூரில் வில்வேட்டைப் பத்திரிகை ஆபீஸ். ஜன்னலோரம் ஆசிரியர் தர்மன், எதிரே அட்டைப்படம் தேர்ந்தெடுக்க வந்த வாசகர்கள் கொளஞ்சியப்பனும் முத்தமிழும், கதவருகே கலைமணி. போன மாதம் இறந்த அவள் கணவர் கடைசியாக வரைந்த படம் மேசைமேல் வெயிலில் கிடக்கிறது. மான் தண்ணீர் குடிக்கிறது. வேடன் வில்லைத் தாழ்த்தி நிற்கிறான். மானின் கண்ணில் அவர் வைத்த வெள்ளைப் புள்ளி மினுங்குகிறது.

"வேட்டைக்கு வந்தானா, மானுக்குக் காவலுக்கு வந்தானா?" கொளஞ்சியப்பன் சிரிக்கிறார்.

"எனக்கு அதாங்க புடிச்சிருக்கு," என்கிறார் முத்தமிழ்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கலன்னா பழைய போட்டோதான் போவும்," தர்மன் முனகுகிறார்.

கலைமணி முந்தானையை முறுக்குகிறாள். "கம்ப்யூட்டர்ல ஒரு அம்பு சேத்துக்கலாங்களா சார்? அவரு பேரு வந்தாப் போதும்."

"அப்ப சரிம்மா," என்கிறார் கொளஞ்சியப்பன்.

முத்தமிழ் மறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 'மானின் கழுத்தில் அம்பு சேர்க்கவும்' என்று தர்மன் அச்சகத்துக்கு எழுதுகிறார். கலைமணியே படத்தையும் குறிப்பையும் வைத்த உறைக்குப் பசை தடவி, அழுத்தி ஒட்டி, வாசலுக்கு வந்த கூரியர்காரரிடம் நீட்டுகிறாள்.